புயல் மழையில் போன கூலி நாள்கள்: நிவாரண மனுவில் இதை எங்கே எழுதுவது?

வெண்ணாற்றுக்கரை
5 டிசம்பர் 2024, இரவு 9.40

வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். பட்டா சிட்டா எடுப்பது, பயிர்க் காப்பீடு பதிவது, மனு அடிப்பது எல்லாம் எங்கள் கடையில்தான் நடக்கும்.

ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்களுக்கு அடி அதற்கு முன்னாடியே விழுந்துவிட்டது. 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிடித்த மழையில் நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் சம்பாவும் தாளடியும் தண்ணீருக்குள் போயின. 3ஆம் தேதி அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மாடு செத்திருந்தால் 37,500. வெள்ளாடு, செம்மறி 4,000. கோழி 100. குடிசை பாதித்திருந்தால் 10,000. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்பது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மூன்று மாவட்டங்களுக்கு மட்டும்.

மறுநாள் காலையிலிருந்தே கடையில் நிற்க இடமில்லை. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பாட்டி ஒருவர் வந்தார். "பாப்பா, எனக்கும் ஒண்ணு எழுது" என்றார். நிலம் இருக்கா பாட்டி என்றேன். இல்லை. மாடு? இல்லை. ஆடு? போன வருஷமே விற்றாகிவிட்டது. வீட்டுச் சுவர்? நிற்கிறது, ஓதம்தான் ஏறியிருக்கிறது. அப்புறம் என்ன போச்சு என்று கேட்டேன். "ஒம்பது நாள் வேலை போச்சு" என்றார். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், வெள்ளையாக வெந்து போயிருந்தது. தலையில் போட்டுவந்த சாக்குக் கொங்காணியை வாசலில் மடித்து வைத்துவிட்டு, நான் எழுதுவேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. சர்வே நம்பருக்கு இடம் இருக்கிறது, கால்நடைக்கு இடம் இருக்கிறது, வீட்டுக்கு இடம் இருக்கிறது. போன நாளுக்கு இடமில்லை. கையில் ஏதாவது வைத்திருந்து அது போனால்தான் சேதம். கையையே நம்பி இருக்கிறவர்களுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

எங்கள் அம்மாவும் களை பறிக்கப் போகிறவர்தான். காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் மத்தியானம் ஒரு மணிக்குக் கரையேறுவார்கள். கார்த்திகை மாதம்தான் களைக்கு ஆள் கூப்பிடுகிற காலம். அதில் போன நாள் போனதுதான். தண்ணீர் வடிந்த பிறகு பயிரே இல்லாத வயலில் என்ன களை பறிப்பது? தை அறுப்பு வரைக்கும் எப்படி ஓட்டுவது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் பேச்சு.

உங்கள் ஊரில் எப்படி? தினக்கூலிக்காரர்களுக்கு இதில் ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சீர்காழி கொத்தனார்
5 டிசம்பர் 2024, இரவு 11.15

தங்கச்சி, எங்கள் கதையும் இதேதான். 2022 நவம்பர் 11 சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. அப்போது சீர்காழி, தரங்கம்பாடி இரண்டு தாலுகாவுக்கும் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். வாங்கினோம், நன்றி. ஆனால் வேலை திரும்பத் தொடங்க இருபத்திரண்டு நாள் ஆயிற்று.

வெளியில் இருக்கிறவர்கள் மழை நின்றால் வேலை தொடங்கிவிடும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும், மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். எம்சாண்ட் லாரி தெருவுக்குள் வராது, சக்கரம் புதைந்துவிடும். நனைந்த சிமென்ட் மூட்டை கல்லாகிவிடும், அது வீட்டுக்காரருக்கு நட்டம், அவர் கையில் காசு இல்லாமல் வேலையை நிறுத்திவிடுவார். வெளிப்பூச்சு கிடையாது, சென்ட்ரிங் கிடையாது. உள்வேலை இருக்கிற மேஸ்திரி தன் ஆள்களில் ரெண்டு பேரை மட்டும் கூப்பிடுவார். முதலில் கழிவது சித்தாள்தான், அதாவது பொம்பளை.

காலையில் ஏழு மணிக்குக் கடைத்தெரு முனையில் டிபன் பாக்ஸோடு நிற்போம். தூறல் இருந்தாலும் நிற்போம், யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்று. ஒன்பதரை மணி வரை பார்த்துவிட்டு அந்தச் சோற்றை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட்ட நாள் நிறைய.

நான் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு வைத்திருக்கிறேன். கொரோனா நேரத்தில் பணம் வந்தது. மழை நாளுக்கென்று எனக்கு இதுவரை ஒரு ரூபாய் வந்ததில்லை. ஆனால் டெல்லியில் இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். காற்று மாசு என்று கட்டட வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வேலை இழந்த தொழிலாளிக்குப் பிழைப்பூதியம் கொடு என்று உச்ச நீதிமன்றமே சொல்லி, ஆளுக்கு 8,000 ரூபாய் என்று முடிவாகியிருக்கிறது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் பிடிக்கிறார்களே, அந்தப் பணம்தான். அதே ஒரு சதவீதம் இங்கேயும் பிடிக்கிறார்கள். புகைக்குக் கொடுக்க முடிந்தால் புயலுக்கும் கொடுக்கலாம்.


ஒன்பது மா
6 டிசம்பர் 2024, காலை 6.20

நான் கோயில் நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிலம் வைத்திருக்கிறவனுக்கு நிவாரணம் கொட்டுகிறது என்கிற மாதிரி பேச்சு போகிறது. ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. உழவு, நாற்று, நடவு, அடியுரம், மேலுரம், மருந்து என்று அதைப் போல நாலு மடங்கு ஏற்கெனவே வயலுக்குள் இறக்கியாகிவிட்டது. நகைக்கடன் தனி. எட்டு நாள் மூழ்கிக் கிடந்த பயிரைத் தூக்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகல் நாற்றம் அடிக்கிறது. அதிகாரிகள் வந்து பார்க்கிற அன்றைக்குத் தண்ணீர் வடிந்து நுனி பச்சையாகத் தெரிந்தால் 33 சதவீதம் இல்லை என்று எழுதிவிடலாம். காப்பீடோ எங்கள் வருவாய்க் கிராமம் முழுவதற்கும் ஒரே கணக்கு. பள்ளக்காலில் இருக்கிற என் வயல் போனாலும் மேட்டு வயல்கள் நன்றாக இருந்தால் எனக்கு ஒன்றும் தேறாது.

அப்புறம் ஆள் விஷயம். நடவுக்கு ஊரில் ஆள் கிடைக்காமல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆள்களை வைத்துத்தான் இந்த வருஷம் நட்டேன். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார்கள். ஊர் ஆள்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?


வெண்ணாற்றுக்கரை
6 டிசம்பர் 2024, இரவு 8.55

அண்ணே, உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்களுக்குக் கொடுப்பது போதாது என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். தினமும் உங்களை மாதிரி பத்துப் பேருக்கு அடங்கல் நகல் எடுத்துக் கொடுக்கிறேன், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனால் உங்கள் நட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. 33 சதவீதமா இல்லையா என்று நீங்கள் சண்டை போடலாம், அதற்கு ஒரு அதிகாரி இருக்கிறார், ஒரு ஃபாரம் இருக்கிறது. எங்கள் அம்மா யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? உங்கள் வயலில் களை பறிக்க வேண்டிய ஆறு பேருடைய கூலியும் அதே தண்ணீரில்தானே போனது?

நூறு நாள் வேலை பற்றி. மழை பெய்தால் அந்த வேலையும் கிடையாது அண்ணே. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும்போது எதைத் தூர்வாருவது? இந்த வருஷம் அந்தக் கூலி 319 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள், அளவெடுத்துக் கொடுப்பதால் எங்கள் பக்கம் முழுசாகக் கைக்கு வருவது குறைவு.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. மழை என்றால் பள்ளிக்கூடம் விடுமுறை. பள்ளிக்கூடம் இருந்தால் காலையில் உப்புமாவோ பொங்கலோ, மத்தியானம் முட்டையோடு சோறு, இரண்டு வேளை பிள்ளைகளுக்கு அங்கேயே முடிந்துவிடும். கூலி இல்லாத அதே நாளில்தான் அந்த இரண்டு வேளையும் வீட்டுத் தலையில் விழுகிறது. என் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர். அந்த வாரம் ரேஷன் அரிசி எவ்வளவு வேகமாக இறங்கியது என்று அண்ணியைக் கேட்டால்தான் தெரியும். விறகு நனைந்துவிட்டது, சிலிண்டர் தீர்ந்து பதினைந்து நாள் ஆகிறது. பக்கத்து வீட்டில் ஒரு அடுப்பு ஒழியட்டும் என்று காத்திருந்து ஆக்கினார்கள்.


அகஸ்தியம்பள்ளிக்காரன்
7 டிசம்பர் 2024, மாலை 4.10

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் உப்பளம். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் உப்பு வாருவது நின்றுவிடும், அது எல்லா வருஷமும் நடப்பதுதான். வாரிக் குவித்த உப்பைப் பனை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி வைப்பார்கள். புயல் காற்று அந்த மூடாக்கைப் பிய்த்துக்கொண்டு போனால் மழையில் உப்புக் கரைந்து மறுபடி கடலுக்கே போகிறது. அது முதலாளிக்கு நட்டம். எங்களுக்கு வருகிற நட்டம் மெதுவாக வரும்.

பாத்தியில் வெள்ளம் ஏறிவிட்டால் சேறு படிந்துவிடும். தண்ணீரை வடித்து, சேற்றை எடுத்து, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, திரும்ப உப்புத் தண்ணீர் கட்டிக் காய வைக்க வேண்டும். சாதாரண வருஷத்தில் தையிலேயே பாத்தி வேலை தொடங்கும். பெரிய மழை வருஷத்தில் மாசிக்கு மேல் போய்விடும். அந்த ஒன்றரை மாதத்தை யாரும் புயலின் கணக்கில் சேர்ப்பதில்லை. டிவிக்காரர்கள் போன பிறகு வருகிற பட்டினி அது.

ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். உப்பளத் தொழிலாளிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத காலத்துக்கு 5,000 ரூபாய் அரசு கொடுக்கிறது. சில வருஷமாகத்தான். கடலுக்குப் போகிறவர்களுக்கும் மீன் குறைவான காலத்துக்கு 6,000, தடைக்காலத்துக்கு 8,000 இருக்கிறது. ஆக, வேலை இல்லாத நாளுக்கும் நிவாரணம் கொடுக்கலாம் என்று அரசே ஒத்துக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க வயல் வேலைக்காரர்களை மட்டும் ஏன் விட்டார்கள்? 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண் எங்களுடையது. எங்களுக்குக் கேட்டால் கிடைக்கும் என்ற பழக்கம் இருக்கிறது. நீங்களும் கேளுங்கள்.


மகாமகக் குளத்தெரு
7 டிசம்பர் 2024, இரவு 10.30

நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ். மாதச் சம்பளம் என்று பேர். வராத நாளுக்குப் பிடித்துவிடுவார்கள். பஸ் ஓடாமல் வர முடியாத நாளும் 'வராத நாள்'தான். கடை திறக்காத நாளைக்கும் பாதி பிடித்தார்கள். கூலி ஆள் என்றால் வயலில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அதைச் சொல்லத்தான் எழுதினேன்.


மேட்டுத்தெரு
8 டிசம்பர் 2024, காலை 11.05

எல்லாம் சரி. ஆனால் புயல் அடித்து முடிந்ததும் மரம் வெட்ட, கூரை வேய, கம்பம் நட என்று கூலி ஒன்றுக்கு இரண்டாக ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். கஜா முடிந்து ஒரு மாதம் ஆள் கேட்ட கூலிதானே? போன நாளை அதில் ஈடுகட்டிவிடலாமே.


பேராவூரணி தென்னை
8 டிசம்பர் 2024, இரவு 9.20

மேட்டுத்தெரு ஐயாவுக்கு. நீங்கள் பார்த்தது நிஜம். ஆனால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். நான் அந்தக் கூலி வாங்கினவன், அதனால் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலை. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறிய கஜா, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் வானம் தெரிந்தது. அதற்கு முன்னால் அங்கே நின்று வானத்தைப் பார்த்ததே இல்லை. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை.

எனக்குத் தொழில் தேங்காய் பறிப்பு. நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு தோப்பிலும் வெட்டு. ஒரு வெட்டு நடந்தால் மரம் ஏறுகிறவன், பொறுக்கிச் சேர்க்கிறவன், மட்டை உரிக்கிறவன், வண்டியில் ஏற்றுகிறவன் என்று ஒரு கூட்டம் பிழைக்கும். கீழே விழுந்த மட்டையை ஊறப்போட்டுக் கீற்று முடைகிற பொம்பளைகள் தனி. என் மனைவி ஒரு நாளைக்கு நூறு கீற்று முடைவாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரல் தன்பாட்டுக்கு ஓடும்.

புயலுக்குப் பிறகு ஒரு மாதம் ரம்பமும் கையுமாக மரம் அறுத்தேன். நல்ல கூலி, பொய் சொல்ல மாட்டேன். அறுத்து முடித்த அன்றைக்குத்தான் புரிந்தது, இனிமேல் நான் ஏறுவதற்கு மரம் இல்லை என்று. மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆகமொத்தம் 1,100 ரூபாய் தோப்புக்காரருக்குக் கிடைத்தது. அவருக்கும் அது போதாது. மரம் ஏறுகிறவனுக்கும் கீற்று முடைகிறவளுக்கும் அந்தக் கணக்கில் பெயரே கிடையாது. புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர நாட்டு ரகம் ஆறேழு வருஷம் எடுக்கும். அந்த ஆறேழு வருஷம் நான் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தேன். பையன் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. இந்த வருஷம்தான் ஊருக்குத் திரும்பி வந்து இளம் மரங்களில் ஏறத் தொடங்கியிருக்கிறேன். பழைய கால் இல்லை.

ஒரு மாதக் கூடுதல் கூலி இதில் எதை ஈடுகட்டும் என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா.


மேட்டுத்தெரு
9 டிசம்பர் 2024, காலை 7.00

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் தம்பி. மன்னித்துக்கொள்ளுங்கள்.


ஹூஸ்டனில் ஒரு குடந்தைக்காரன்
9 டிசம்பர் 2024, காலை 10.45

தூரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஓட்டல் அடுக்களையில் வேலை, மணிக்கணக்குக் கூலி. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்டு இல்லை, குழாய்கள் உறைந்து வெடித்துத் தண்ணீரும் இல்லை. ஓட்டல் ஒரு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. மூடின மணிக்குச் சம்பளம் கிடையாது. ஆபீஸ் ஆள்கள் வீட்டிலிருந்தே வேலை செய்து முழுச் சம்பளம் வாங்கினார்கள். பாத்திரம் கழுவுகிறவரும் காய் நறுக்குகிறவரும் வீட்டிலிருந்து என்ன செய்ய முடியும்? வாடகைத் தேதி மட்டும் தள்ளிப்போகவில்லை.

ஆனால் இங்கே ஒன்று இருக்கிறது. பேரிடர் என்று அறிவித்த பகுதியில், அதனால் வேலை போனவர்களுக்கு வாரப்படி கொடுக்கிற ஒரு தனித் திட்டம். கட்டட ஆள், சொந்தமாகச் சின்னத் தொழில் செய்கிறவர் எல்லாரும் அதில் விண்ணப்பிக்கலாம். குறையும் உண்டு, வேலை அனுமதிக் காகிதம் இல்லாதவர்களுக்குக் கிடையாது, அவர்கள்தான் இந்த அடுக்களைகளில் நிறைய. ஆனாலும் "பேரிடரால் வேலை போனது" என்று எழுத ஒரு ஃபாரம் இருக்கிறது. வெண்ணாற்றுக்கரைத் தங்கை கேட்ட கேள்வியைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.


பஞ்சாயத்துச் சட்டம்
10 டிசம்பர் 2024, இரவு 8.15

தஞ்சாவூரில் சட்டம் படிக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாள் தேடினேன். அக்கா, நம் ஊரிலும் அந்த இடம் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய உள்துறை ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கானது இப்போது நடப்பில் இருக்கிறது. அதில் "வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்" என்று ஒரு தலைப்பு. முகாமில் தங்காத அப்படிப்பட்ட குடும்பத்தில், பெரியவர்கள் இரண்டு பேருக்கு, நூறு நாள் வேலையின் தினக்கூலி விகிதத்தில், 30 நாள் வரை உதவி கொடுக்கலாம். முந்தைய பட்டியலில் பெரியவருக்கு 60 ரூபாய், பிள்ளைக்கு 45 ரூபாய் என்று இருந்தது.

தமிழ்நாட்டுக் கூலி 319. இரண்டு பேர், முப்பது நாள் என்றால் 19,140 ரூபாய். நிலம் இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்ற கேள்வி இந்தத் தலைப்பில் இல்லை. வாழ்வாதாரம் போனதா என்பதுதான் கேள்வி.

இது நடக்காத காரியமும் இல்லை. இந்த ஜூலை 30 வயநாட்டில் நிலச்சரிவு நடந்த பிறகு, வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களில் இரண்டு பேருக்கு நாளைக்கு 300 ரூபாய் வீதம் 30 நாளைக்குக் கேரள அரசு அறிவித்தது. படுக்கையில் கிடக்கிற நோயாளி வீட்டில் இருந்தால் மூன்று பேருக்கு.

சிக்கல் எங்கே என்றால், யாருடைய வாழ்வாதாரம் பாதித்தது என்று மாநில அரசு கண்டெடுத்துச் சான்று கொடுக்க வேண்டும். விழுந்த சுவரைப் போட்டோ எடுக்கலாம், பயிரை அளக்கலாம். வராத கூலியை எப்படி அளப்பது? அங்கேதான் நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். இன்னொன்று, இயற்கைப் பேரிடர் அறிவித்த பகுதிக்கு நூறு நாளுக்கு மேல் கூடுதலாக 50 நாள் வேலை கேட்கவும் வழி இருக்கிறது.


சீர்காழி கொத்தனார்
10 டிசம்பர் 2024, இரவு 10.50

தம்பி, பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு வரி இருக்கிறது என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். எங்கள் முனையில் நிற்கிற அறுபது பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. இதை நாளைக்கே சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்.


வெண்ணாற்றுக்கரை
13 டிசம்பர் 2024, இரவு 9.30

நேற்றும் இன்றும் மறுபடி மழை. தலையெடுத்த கொஞ்சப் பயிரும் திரும்பத் தண்ணீரில் நிற்கிறது.

வராத கூலியை எப்படி அளப்பது என்று தம்பி கேட்டதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. மாவட்ட ஆட்சியர் மழைக்காகப் பள்ளி விடுமுறை விடுகிறாரே, அது தேதியோடு, மாவட்டத்தின் பெயரோடு அரசே கொடுக்கிற அறிவிப்பு. பிள்ளைகள் வெளியே வர முடியாத மழை என்று அரசு சொல்கிற நாளில், பெரியவர்கள் வயலில் வேலை பார்த்திருக்க முடியாது என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு? அந்த நாள்களையும், அதற்குப் பிறகு வயலில் தண்ணீர் நின்ற நாள்களையும் எண்ணினால் போதும். கடலுக்குப் போகாதே என்று சொல்கிற நாளும் அப்படித்தான், அதற்கும் எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது. குஜராத்தில் சேவா என்கிற பெண் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறவர்களுக்கு, வெயில் 40 டிகிரி தாண்டியதும் 400 ரூபாய் கணக்கில் விழுந்ததாக இந்த வருஷக் கோடையில் செய்தி வந்தது. ஒவ்வொருத்தர் வீட்டிலும் போய் விசாரிக்கவில்லை, வெப்பமானியைப் பார்த்துக் கொடுத்தார்கள். நமக்கு மழைமானி இருக்கிறது.

ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பதினேழு வீடு. பெயர், என்ன வேலை, கடைசியாகக் கூலி வாங்கின தேதி, திரும்ப வேலை கிடைத்த தேதி, நடுவில் வாங்கின கடன். கடன் பகுதியை எழுதும்போதுதான் கஷ்டமாக இருந்தது. பதினொரு வீட்டில் குழு லோன். தவணை வசூலிக்கிறவர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு சரியாக வியாழக்கிழமை வந்து நிற்கிறார். அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பையன்தான். ஒரு வீட்டில் கட்டவில்லை என்றால் குழுவில் உள்ள எல்லாருமாகக் கட்ட வேண்டும், அதனால் எங்கள் அம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்காகத் தன் தோட்டை அடகு வைத்தார். தோடு போனதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.


ஒன்பது மா
14 டிசம்பர் 2024, காலை 6.05

தங்கச்சி, எங்கள் ஊரில் ஒரு நோட்டு நான் போடுகிறேன். என் வயலில் யார் யார் எத்தனை நாள் வந்திருக்க வேண்டும் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இத்தனை பேருக்கு இந்த நாள்களில் என் நிலத்தில் வேலை கொடுக்க முடியவில்லை என்று சாகுபடி செய்கிறவனே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது சான்றுக்கு உதவும் அல்லவா? பக்கத்து வயல்காரர்களிடமும் கேட்கிறேன்.


பஞ்சாயத்துச் சட்டம்
14 டிசம்பர் 2024, காலை 9.40

ரொம்பவே உதவும் ஐயா. வேலை கொடுத்திருக்க வேண்டியவர் எழுத்தில் சொல்வதைவிட நல்ல சான்று வேறு இல்லை.


ஓய்வுபெற்ற வாத்தியார், நாகை
25 டிசம்பர் 2024, மாலை 6.00

எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வருகிறேன். 1977 நவம்பர் 12 புயலில் எனக்குப் பதினொரு வயது. எங்கள் கூரை போனது நினைவில்லை, மறுநாள் என் அப்பா பண்ணை வீட்டு வாசலில் நெல் கடனுக்காக நின்றதுதான் நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் மழைக்கால நெல்லைப் பத்தாயத்திலிருந்து கடனாகக் கொடுத்துவிட்டுத் தை அறுப்பில் கூலியிலிருந்து பிடிப்பார்கள். ஒரு மழை ஒரு வருஷத்துக்கு ஆளைக் கட்டிப்போட்டுவிடும். இப்போது பத்தாயத்தின் இடத்தில் வியாழக்கிழமைத் தவணை.

இன்று டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 1968இல் இதே நாள் இரவு நாற்பத்து நான்கு உயிர்கள் எரிந்தன. கூலி உயர்வு கேட்ட உழைப்பாளிகளின் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அடுத்த வருஷம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உழைத்த நாளுக்கு என்ன கூலி என்பதை எழுத்தில் கொண்டுவரவே இந்த மண் அவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது. காலையில் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். உழைக்க முடியாமல் போன நாளைப் பற்றி ஒரு பெண் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறாள் என்று அங்கே இரண்டு பேரிடம் சொன்னேன். தங்கள் ஊருக்கும் அந்த நோட்டின் மாதிரி வேண்டும் என்றார்கள். அனுப்ப முடியுமா அம்மா?


வெண்ணாற்றுக்கரை
19 ஜனவரி 2025, இரவு 8.20

வாத்தியார் ஐயாவுக்கு மாதிரி அனுப்பிவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், பொங்கல் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியவில்லை.

பொங்கல் எப்படி என்று கேட்டிருந்தார்கள். கரும்பு ஒன்றுதான் வாங்கினோம். நூறு நாள் வேலைக் காசு வரும் என்று நம்பியிருந்தோம், வரவில்லை. நவம்பர் 27லிருந்தே தமிழ்நாட்டுக்கு அந்தச் சம்பளம் நிலுவை, 1,056 கோடி ரூபாயை விடுவிக்க வேண்டும் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் மழை பிடித்ததற்கு மறுநாள் அந்தத் தேதி. இந்தக் காசும் வராமல், வயல் கூலியும் இல்லாமல் இரண்டு மாதம் போயிருக்கிறது.

இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுப்பு தொடங்கியிருக்கிறது. சாய்ந்த பயிரும் ஈர வயலுமாக இருப்பதால் பெல்ட் வைத்த அறுப்பு மெஷின் வண்டிதான் இறங்குகிறது. வண்டி திரும்ப முடியாத மூலைகளில் மட்டும் அம்மா கூட்டத்தை அறுக்கக் கூப்பிட்டார்கள், அரை நாள் வேலை.

நோட்டு இப்போது மூன்று ஊரில் இருக்கிறது. எங்கள் தெரு, ஒன்பது மா அண்ணன் ஊர், சீர்காழி முனை. தம்பி சொன்ன அந்தத் தலைப்பை அப்படியே மேற்கோள் காட்டி மனு எழுதியிருக்கிறோம். பள்ளி விடுமுறை அறிவிப்புகளைத் தேதிவாரியாகப் பின்னால் இணைத்திருக்கிறேன். அண்ணனும் பக்கத்து வயல்காரர்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

முதல் நாள் வந்த பாட்டியின் பெயர்தான் முதல் பெயர். நோட்டில் ஒன்பது நாள் என்று எழுதியதை நேற்று வந்து திருத்தச் சொன்னார். டிசம்பர் மழையையும் சேர்த்தால் இருபத்து மூன்று நாள் வருகிறதாம், விரல் விட்டு எண்ணிக் காட்டினார். திருத்திவிட்டேன். நாளைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் கிளம்புகிறோம். மனுவை மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்றில் சீல் போட்டு வாங்கி வர.